சந்தனக் கலர் சேலையும் படுக்க வைத்த பாட்டிலும்

1. முதல் கேள்வி

ரேவதி மேடம் என் காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "முனுசாமி, உங்க ஊர்ல ஒயின் எங்க கிடைக்கும்?"

காலை பத்து மணி. எதிரே கோபுரம். பக்கத்தில் பூக்காரம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் தாமல் கிராமத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்டவர்கள். நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். காஞ்சிபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்ட ஆரம்பித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் எந்தக் கோயில், நடை எப்போது சாத்துவார்கள், கோயில் இட்லி எங்கே நன்றாக இருக்கும், ஏமாற்றாத பட்டுக்கடை எது. ஒயின் கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை. அதுவும் ஒரு அம்மா, நெற்றியில் குங்குமத்தோடு.

மேடம் மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்தாம் நாள் கல்யாணம். முகூர்த்தச் சேலை வாங்க வந்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ஒயினைத் தேடிப் பிடித்து, இரண்டு வாய் ருசி பார்த்து, நோட்டில் எழுதி வைப்பது அவர் பழக்கம்.

"குடிக்கிறதுக்கு இல்ல முனுசாமி. தெரிஞ்சுக்கறதுக்கு" என்றார்.

"எல்லாரும் அப்பிடித்தான் மேடம் ஆரம்பிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. நல்லவேளை, சிரித்துவிட்டார்.

நம் பக்கத்தில் ஒயின் ஷாப்பில் எல்லாம் இருக்கும், ஒயின்தான் இருக்காது. இதை எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "நானே பாக்கறேன்" என்று இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். நான் குடிப்பவன் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கடைப் படி ஏறியதும் இல்லை. கம்பிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்ற ஆம்பிளைகள் எல்லாம் மேடத்தைப் பார்த்ததும் கோயில் வரிசை மாதிரி ஒழுங்காக விலகினார்கள். ஒருத்தர் பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, "நீங்க முன்னால போங்கம்மா" என்றார். உள்ளே இருந்த சேல்ஸ்மேன் என்னைப் பார்த்து, "அண்ணே, நீயா?" என்று வாயைப் பிளந்தான்.

"எனக்கு இல்லபா. ஒயின் இருக்குதா?"

"ஒயினா? அத யாருண்ணே கேக்கறாங்க?" என்று ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, தூசியை ஊதிக் கொடுத்தான்.

மறுநாள் மேடம் அதற்கு மார்க் போட்டார். "இருமல் மருந்துல சர்க்கரை கரைச்ச மாதிரி இருக்கு." கடைக்குப் போன அன்றைக்கு நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. செருப்பைக் கழற்றவில்லை, வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னாயா, பட்டப்பகல்ல ஒயின் ஷாப் வாசல்ல நின்னுக்கினு இருந்தியாமே?"

2. மஞ்சள் பை

சேலை நெய்தவர் பிள்ளையார்பாளையம் தணிகாசலம். என்னோடு படித்தவர். கோபக்காரர், கைராசிக்காரர். மேடத்தின் மகள் வீடியோ காலில் அவரோடு பேசிப் பேசி இரண்டு மாதத்தில் முடிவு செய்த கலர் அது. சந்தன நிறத்தில் உடல், அரக்குப் பார்டர், முந்தியில் மயில். தணிகாசலம் அதை விரித்துக் காட்டியதும் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ அப்பா இருந்தா முதல்ல அவர்தான் தொட்டுப் பார்த்திருப்பார்" என்றார்.

வெள்ளைத் துணியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தார் தணிகாசலம். அன்று மாலையே கோயிலில் அம்மன் பாதத்தில் வைத்து வாங்கினோம். குங்குமம் வைத்த சேலை அது.

காஞ்சிபுரம் டிரைவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சேலைப் பை சீட்டில்தான் வரும், டிக்கியில் போகாது. ஸ்டெப்னி, ஜாக்கி, கிரீஸ் எல்லாம் கிடக்கிற இடம் அது. தணிகாசலம் அன்றைக்கும் சொன்னார்: "முனுசாமி, டிக்கில போடாதே."

"எனக்கே சொல்றியா?" என்று கோபித்துக்கொண்டேன்.

3. திராட்சைத் தோட்டம்

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மேடத்துக்கு அன்று சாயங்காலம் பெங்களூரில் ஃபிளைட். அதற்கு முன்னால் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டும், அங்கேயே ஒயின் செய்கிறார்கள் என்றார். சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகப் போனோம். சேலைப் பை பின் சீட்டில் மேடத்துக்குப் பக்கத்தில் வந்தது. பதினொரு மணிக்குத் தோட்டம் சேர்ந்தோம்.

நம் பக்கம் திராட்சை என்றால் பந்தல். அங்கே வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கம்பி கட்டி ஏற்றியிருந்தார்கள். "வண்டியிலயே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? நீங்களும் வாங்க" என்றார் மேடம். எனக்கும் ஆசைதான். ஆனால் பார்க்கிங்கில் ஒரு மர நிழல் இல்லை. கண்ணாடி வழியாக மஞ்சள் பை பளிச்சென்று தெரிகிறது. எவனாவது கண்ணாடியை உடைத்தால்? வெயிலில் கலர் மங்கினால்? டிக்கியில் சுத்தமான பெட்ஷீட் ஒன்றை விரித்து, பையை அதன் மேல் வைத்துப் பூட்டினேன். இரண்டு மணி நேரம்தானே, வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு ஓசூர் பக்கம், நன்றாகத் தமிழ் பேசினாள். பழத்தை நசுக்குகிற மிஷின், ஆள் உயர ஸ்டீல் டாங்குகள், பிறகு ஜில்லென்று இருட்டாக ஒரு அறையில் மரப் பீப்பாய்கள். ஒரு சுவர் முழுக்க பாட்டில்களைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஏம்மா படுக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நிக்க வெச்சா கார்க் காஞ்சிடும் சார். காஞ்சா காத்து உள்ள போயி ஒயின் கெட்டுடும். படுக்க வெச்சா கார்க் ஈரமாவே இருக்கும்."

ஆஹா என்றிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ கைடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்ட உடனே ஒட்டிக்கொண்டது இது ஒன்றுதான். கார் ஸ்டாண்டில் போய் இதை எப்படி எடுத்துவிடலாம் என்று அப்போதே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ருசி பார்க்க ஐந்து கிளாஸ் வைத்தார்கள். மேடம் ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒரு வாய் வைத்து, நோட்டில் எழுதினார். எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். "ஸ்டியரிங் புடிக்கிற கைம்மா இது" என்றேன். திராட்சை ஜூஸ் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு மேடம் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் வாங்கி, அரை கிளாஸ் குடித்தார். ரொம்பப் பிடித்துவிட்டது. அதே ஒயினில் ஆறு பாட்டில் வாங்கினார். மிச்சம் இருந்த பாட்டிலில் அந்தப் பெண் கார்க்கைக் கையால் அழுத்தி மூடிக் கொடுத்தாள். "பெங்களூர் ஃபிரெண்ட் ஏர்போர்ட்டுக்கு வரா, அவகிட்ட கொடுத்துடறேன்" என்று மேடம் அதை என் கையில் தந்தார்.

ஆறு பாட்டிலையும் அட்டைப்பெட்டியில் நிற்க வைத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, இது தெரியவில்லையே! பெட்டியைப் படுக்கப் போட்டேன். ஏழாவது பாட்டிலையும் படுக்க வைத்தேன். அது உருண்டது. உருளாமல் இருக்க மெத்தென்று ஏதாவது அண்டை கொடுக்க வேண்டும். மஞ்சள் பை இருந்தது. அதை ஒட்டி வைத்தேன்.

பையை எடுத்துச் சீட்டில் வைக்க வந்தவன்தான் நான். புதுப் படிப்பு தலைக்கு ஏறிவிட்டதில் அது மறந்தே போனது. திறந்த பாட்டில் வேறு, திறக்காத பாட்டில் வேறு என்று அந்தப் பெண் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4. ரோட்டோரம்

ஏர்போர்ட்டுக்கு அரை மணி தூரம்கூட இல்லை. மேடம் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். விடியலில் எழுந்தவர், சாப்பாடு வேறு. ரோட்டில் அடுத்தடுத்து ஸ்பீட் பிரேக்கர். நாலைந்து தாண்டியதும் வண்டிக்குள் ஒரு வாசனை. புளித்த பழ வாசனை. முதலில் மேடத்திடமிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகுதான் டிக்கியில் இருந்த பாட்டில் ஞாபகம் வந்தது.

ஓரம் கட்டி, சத்தம் போடாமல் இறங்கி டிக்கியைத் திறந்தேன்.

கார்க் தனியாகக் கிடந்தது. பாட்டில் பாதி காலி. மஞ்சள் பையின் ஒரு பக்கம் ரத்தம் ஊறின மாதிரி இருந்தது. பையைத் திறந்து வெள்ளைத் துணியை விலக்கினேன். சந்தன நிறத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. உள்ளே இன்னும் இரண்டு மடிப்புக்கு இறங்கியிருந்தது. அம்மன் குங்குமம் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. "அடப்பாவி முனுசாமி" என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இப்போது எழுதப் போவதை என் வீட்டுக்காரியிடம்கூட நான் ரொம்ப நாள் சொல்லவில்லை. டிக்கியில் வேறொரு சுத்தமான துண்டு இருந்தது. வெள்ளைத் துணியை எறிந்துவிட்டு அதில் சுற்றலாம். ஈரமான பையை மாற்றிவிடலாம். ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டால் மேடம் மும்பை போய்த்தான் பிரிப்பார். அவருடைய பாட்டில், அவருடைய சேலை. தன் பாட்டில்தான் கொட்டிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொள்வார். என் மேல் சந்தேகமே வராது. துண்டை எடுத்தும் விட்டேன். கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் இருக்கும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா வாயை லேசாகத் திறந்தபடி, கைப்பையைக்கூட சீட்டில் போட்டுவிட்டு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். துண்டை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன்.

"மேடம், எறங்குங்க. ஒரு தப்பு நடந்து போச்சி. நான் பண்ண தப்பு."

வந்து பார்த்தார். சேலையைத் தொடப் போன கை பாதியில் நின்றது. "ரெண்டே வாரத்துல கல்யாணம், முனுசாமி" என்றார். அப்புறம் குரல் உயர்ந்தது. "சீட்ல என் பக்கத்துல இருந்தது எப்படி இங்க வந்தது? பாட்டிலை எவன் படுக்க வெச்சான்?"

"நான்தான் மேடம். பைய டிக்கில வெச்சதும் நான்தான். படுக்க வெக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே..."

"திறந்த பாட்டிலையா?"

அவர் மைல் கல் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். முதலில் வண்டை வண்டையாகத் திட்டினார். மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன். பிறகு நெசவுக்காரரின் குரல் வந்தது.

"கறைல தண்ணி போட்டியா?"

"இல்லபா."

"தேய்ச்சியா?"

"தொடவே இல்ல."

"நல்லது, தொடாதே. ஜரிகைல எறங்கிச்சா?"

"இல்ல. ஒடம்புலதான்."

"முந்தி பக்கமா, உள்ள சொருகற பக்கமா?"

மடிப்பைப் பார்த்தேன். "சொருகற பக்கம்."

"கொண்டா" என்று போனை வைத்துவிட்டார்.

மேடத்துக்கு ஃபிளைட்டை விட முடியாது, கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஏர்போர்ட் வாசலில் சேலைப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மேடம், இவ்ளோ ஆனப்புறம் என்னை நம்பியா குடுக்கறீங்க?"

"தூங்கிட்டிருந்தவளை எழுப்பிச் சொன்னீங்களே" என்றார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

5. ஒரே பாவு

தணிகாசலம் இரண்டு நாள் போராடினார். கறை மங்கியது, போகவில்லை. வெற்றிலைக் காவி போல ஒரு நிழல் நின்றுவிட்டது. உள்ளே செருகுகிற இடம்தான், கட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் முகூர்த்தச் சேலை. கறை பட்டதை மணமகளுக்குக் கொடுக்க எங்கள் இருவருக்கும் மனசு ஒப்பவில்லை.

தறியில் ஒரு தடவை பாவு ஏற்றினால் மூன்று சேலை இறங்கும். நீள வாட்டத்தில் ஓடுகிற இழைதான் பாவு. மேடத்தின் சேலை அதில் முதலாவது. இரண்டாவது தறியில் ஒரு முழம் ஓடியிருந்தது. அதே சந்தனம், அதே அரக்கு, அதே மயில். ஆனால் அது வேலூர்க்காரர் ஒருவர் தன் மகளுக்குச் சொல்லி வைத்தது. தணிகாசலம் அவருக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னார். அந்த மகராசர், "எங்களுக்கு அடுத்த மாசம்தானே கல்யாணம். அந்தப் பொண்ணுக்கு மொதல்ல குடுங்க, நாங்க மூணாவத எடுத்துக்கறோம்" என்றார். அவர் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை.

மேடத்துக்குச் சொன்னேன். "நாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நாள் இருந்தது, மழை வந்துவிட்டது. மழை ஈரத்தில் பட்டு இழை ஒன்றோடு ஒன்று ஒட்டும், தறி ஓட்ட முடியாது. இரண்டு நாள் தணிகாசலமும் அவர் மனைவியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தினமும் சவாரி முடித்து அங்கே போய் நிற்பேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று நூல் சுற்ற உட்கார்ந்தேன். மூன்று தடவை அறுத்தேன்.

"எழுந்துருபா சாமி. நீ வந்து நின்னா தறில நாடா தானா ஓடுமா? அந்த வேலையும் கெட்டுச்சி, இந்த வேலையும் கெடுது" என்றார் தணிகாசலம்.

அவர் மனைவி மட்டும், "டீய குடிண்ணா. முடிச்சிடுவோம்" என்பார். மழை விட்டதும் இருவரும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை தறியை விட்டு எழவில்லை. பன்னிரண்டாம் நாள் சேலையை அறுத்து இறக்கினார்கள்.

"கூரியர்ல அனுப்பிடுங்க" என்றார் மேடம் போனில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரக்கோணத்தில் ரயில் ஏறினேன். இரண்டு சேலையும் மடியில். மும்பை வரை கீழே வைக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், "அதுல இன்னா சார், தங்கமா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றேன்.

6. கல்யாணத்தில்

முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் புதுச் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்துக் குதித்தாள். கறை பட்டதை மேடத்திடம் தனியாகக் கொடுத்தேன். "ரெண்டுக்கும் காசு கொடுத்துட்டேன், தணிகாசலத்துக்குப் போட்டாச்சு. நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றார். "திறந்த பாட்டிலை உங்க கையில கொடுத்தவ நான்தானே." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மறுநாள் முகூர்த்தம். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மணப்பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் மேடம் வந்தார். இரண்டு பேர் உடம்பிலும் அதே சந்தனம், அதே அரக்கு, அதே மயில். சொந்தக்காரர்கள் எல்லாம், "அம்மாவும் பொண்ணும் ஜோடியா எடுத்திருக்காங்க பாரு" என்று பேசிக்கொண்டார்கள். மேடம் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இடுப்பில் சேலை செருகியிருந்த இடத்தை இரண்டு விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பெண்ணுக்கு மாமா என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினார்.

ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்ல இதில் இரண்டே விஷயம் இருக்கிறது. ஒன்று, காதில் விழுந்த பாதியை வைத்துக்கொண்டு வேலை செய்யாதே. மீதியையும் கேள், வெட்கப்படாதே. இரண்டாவது, வண்டியில் ஒரு பொருள் கெட்டால் அது கஸ்டமர் கண்ணில் படுவதற்கு முன்னால் உன் வாயால் வரட்டும். அவர் தூங்கினாலும் எழுப்பிச் சொல். திட்டுவார், வாங்கிக்கொள்.

போன வருஷம் ரேவதி மேடம் மகளோடும் மருமகனோடும் மறுபடி வந்தார். இந்தத் தடவை கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போக வேண்டும் என்றார். காலையில் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டவில்லை, பின்னால் பேச்சுச் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மேடம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.